ஆயிரம் ரூபாயில் எங்கள் சித்தி வீட்டில் என்ன மாறியது?

கரிசல்காட்டான்
2024 ஆகஸ்ட் 18, இரவு 9.40

சுதந்திர தின லீவோடு வெள்ளிக்கிழமையும் சேர்த்து லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டு இன்று காலைதான் திருப்பூர் திரும்பினேன். ஊர் விளாத்திகுளம் பக்கம். கரிசல் காடு, மானாவாரி, வேலிக்கருவை. தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத் தலைவிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் ஆயிரம் கொடுக்கிற மகளிர் உரிமைத் தொகை பற்றி இந்தக் குழுமத்தில் இரண்டு மூன்று தடவை சண்டை நடந்திருக்கிறது. ஓட்டுக்குக் காசு என்று ஒரு பக்கம், புரட்சி என்று ஒரு பக்கம். எனக்கு இரண்டும் தெரியாது. என் சித்தி வீட்டில் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சித்தப்பா கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவையை வெட்டி, அடுக்கி, மண் மூடி, தீ வைத்து, அது கரியாகும் வரை ராத்திரி முழுக்கக் காவல் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை கிடையாது. இரண்டு ஏக்கர் நிலம் உண்டு. மிளகாயும் உளுந்தும் போடுவார்கள், மழை பார்த்து ஏதாவது கிடைக்கும். சித்தி நூறு நாள் வேலைக்குப் போவார். மகள் பதினொன்றாம் வகுப்பு. அரிசி ரேஷனில் இலவசம், அதனால் பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் கையில் காசு என்று எப்போதுமே இருந்ததில்லை. நூறு நாள் வேலைக் கூலி எந்த வாரத்துக்கு எந்த வாரம் ஏறும் என்று யாருக்கும் தெரியாது. கரிக்காரர் லோடு போன பிறகுதான் கணக்குப் பார்ப்பார், அதிலும் முன்பணம் கழித்து.

2023 செப்டம்பரில் முதல் ஆயிரம் ஏறியது. அதற்கு முன்னால் சோதனைக்காக ஒரு ரூபாய் ஏறியதாம். "ஒரு ரூவாய போட்டுட்டு ஏமாத்துறாங்களோன்னு நெனச்சேன்" என்கிறார் சித்தி. முதல் மாதப் பணத்தை எடுக்கவே இல்லை. அடுத்த மாதம் விளாத்திகுளம் போய் ஐந்நூறு மட்டும் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். மிச்சம் அங்கேயே இருக்கிறதா, யாராவது எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்க்கத்தான் என்றார்.

மூன்றாவது மாதம் சீட்டில் சேர்ந்தார். இந்த இடத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் கட்டுகிற ஏலச்சீட்டு ரொம்ப காலமாக உண்டு. சித்திக்கு வயது நாற்பத்தைந்து. இதுவரை ஒரு சீட்டிலும் சேர்ந்ததில்லை. சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கரிமூட்டக் கூலிக்காரர் வீட்டை நம்பி யார் சேர்ப்பார்கள், எடுத்த பிறகு கட்டாமல் விட்டால் யார் ஜாமீன்? போன நவம்பரில் சீட்டுப் பிடிக்கிற அக்காவே வீட்டுக்கு வந்து, "பதினஞ்சாம் தேதி பணம் வருதுல்ல, பதினாறு எங்கிட்ட குடுத்துரு" என்று கேட்டிருக்கிறார்.

சித்தியின் கூலி கூடவில்லை, சித்தப்பாவின் வேலையும் மாறவில்லை. ஒரு தேதி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தேதியே ஜாமீன் ஆகிவிட்டது.

டிசம்பர் மழையில் எங்கள் பக்கம் மிளகாய்ச் செடி நின்ற இடத்திலேயே அழுகியது. அந்த மாதமும் சீட்டுப் பணம் தவறவில்லை. இந்த மே மாதம், ஏழாவது சீட்டை, மொத்தம் இருபதாயிரத்தில் 2,500 ரூபாய் தள்ளி ஏலம் கேட்டு எடுத்தார். கைக்கு வந்தது 17,500. பதிமூவாயிரத்துக்கு இரண்டு சினை ஆடு. மீதியை வைத்து ஆறு வருடமாக அடகில் கிடந்த கம்மலுக்கு வட்டியை அடைத்து, அசலிலும் கொஞ்சம் கட்டினார்.

நான் போனபோது தொழுவத்தில் இரண்டு குட்டி துள்ளிக்கொண்டிருந்தது. இன்னொரு ஆட்டின் குட்டி பிறந்த வாரமே கழிச்சலில் போய்விட்டது.

இவ்வளவுதான் கதை. ஆயிரம் ரூபாயில் வறுமை ஒழிந்தது என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து அந்த வாக்கியத்தை என் வாயில் போடாதீர்கள்.

நாலாவது பெஞ்ச்
2024 ஆகஸ்ட் 18, இரவு 10.02

அதெல்லாம் சரி. சித்தப்பா டாஸ்மாக் போவாரா இல்லையா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

கரிசல்காட்டான்
2024 ஆகஸ்ட் 18, இரவு 10.11

போவார். ஆயிரம் வருவதற்கு முன்னாலும் போனார், இப்போதும் போகிறார். சித்தியின் ஏடிஎம் கார்டு ரகசிய எண் அவருக்குத் தெரியாது. மகளுக்குத்தான் தெரியும்.

கணக்கு வாத்தியார்
2024 ஆகஸ்ட் 19, காலை 6.30

நல்ல பதிவு தம்பி. உங்கள் சித்தி கெட்டிக்காரர். ஆனால் ஒரு கெட்டிக்காரரை வைத்துக் கொள்கை பேச முடியாது.

கணக்கைப் பார்ப்போம். தொடக்கத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். தலைக்கு வருடம் 12,000 என்றால் 12,720 கோடி. அதன்பிறகு மேல்முறையீட்டில் சேர்ந்தவர்களையும் கூட்டினால் 13,000 கோடிக்கு மேல். ஒவ்வொரு வருடமும். இந்தப் பணத்தில் எத்தனை கண்மாய் தூர்வாரலாம், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ராத்திரி டாக்டர் போடலாம் என்று எண்ணிப் பாருங்கள். சித்தி கையில் ஆயிரம் இருந்தாலும் ராத்திரி பாம்பு கடித்தால் அந்த ஆயிரம் டாக்டரைக் கொண்டுவராது. ஆட்டோவுக்கு வேண்டுமானால் உதவும்.

இரண்டாவது, ஆயிரம் என்பது எவ்வளவு? நூறு நாள் வேலையின் இந்த வருடக் கூலி 319 ரூபாய். அதாவது மூன்று நாள் கூலிக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கூலியை ஒழுங்காக, தேதி தவறாமல் கொடுத்திருந்தாலே நீங்கள் சொல்கிற 'தேதி' கிடைத்திருக்குமே?

மூன்றாவது, கொடுப்பதென்றால் நிபந்தனையோடு கொடுக்கலாம். மெக்சிகோவில் 1997-ல் ப்ரோக்ரேசா என்று ஆரம்பித்தார்கள். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தாயும் பிள்ளையும் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும், அப்போதுதான் பணம். பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாகத் தங்கினார்கள் என்று கணக்கெடுத்தே காட்டினார்கள். நாம் ஏன் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும்?

குழு அக்கா
2024 ஆகஸ்ட் 19, காலை 11.15

வாத்தியார் சாருக்கு வணக்கம். நான் மகளிர் சுய உதவிக் குழுக்களோடு பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நிபந்தனை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

நம்மிடம் நிபந்தனையோடு ஒரு திட்டம் ஏற்கெனவே இருக்கிறது சார், முத்துலட்சுமி ரெட்டி பேறுகால உதவி. ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000. கர்ப்பத்தைச் சீக்கிரம் பதிய வேண்டும், அரசு மருத்துவமனையில் பிரசவம், பிள்ளைக்குத் தடுப்பூசி என்று தவணை தவணையாக வரும். நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் தலைப்பிரசவத்துக்குப் பெண் அம்மா வீட்டுக்குப் போவாளா மாட்டாளா? பதிந்தது ஒரு சுகாதார நிலையம், பிரசவம் இன்னொரு ஊர். கர்ப்பத்தைப் பதியும்போது தரும் பிக்மி எண் ஒத்துப் போகவில்லை, வங்கிக் கணக்கில் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அப்பா பெயர். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு நடை நடந்த பிள்ளைகளை நான் கூட்டிப் போயிருக்கிறேன். ஒரு நடைக்கு ஒரு நாள் கூலி போச்சு. நிபந்தனையைச் சரிபார்க்கிற செலவு அரசாங்கக் கணக்கில் வராது, அந்தப் பெண்ணின் கணக்கில்தான் வரும்.

அதற்காகக் கரிசல்காட்டான் தம்பி சொன்ன கதைதான் எல்லா வீட்டிலும் என்றும் நினைக்காதீர்கள். என் குழுவில் ஒருத்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். புருஷன் கொத்தனார். வாரம் ஆயிரத்து ஐந்நூறு வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். உரிமைத் தொகை வந்த மூன்றாம் மாதத்திலிருந்து, "அதான் உனக்குத் தனியா வருதே" என்று ஆயிரத்து இருநூறு ஆக்கிவிட்டார். கூட்டிப் பாருங்கள். மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு குறைந்தது, ஆயிரம் வந்தது. அவளுக்கு இருநூறு நஷ்டம்! கேஸ் விலை ஏறினாலும் "உன் காசுல வாங்கு", பிள்ளை நோட்டுக்கும் "உன் காசுல வாங்கு".

நான் அவளிடம், வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு, பழையபடி ஆயிரத்து ஐந்நூறு கிடைக்கும் என்று விளையாட்டாகச் சொன்னேன். அடிக்க வந்துவிட்டாள். "அந்த ஆயிரத்து ஐந்நூறுக்கு நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கை நீட்டணும்க்கா. இதுக்கு நீட்ட வேணாம்ல" என்றாள்.

நாலாவது பெஞ்ச்
2024 ஆகஸ்ட் 19, காலை 11.48

கொத்தனார் பெரிய பொருளாதார மேதையாக இருப்பார் போல.

கிசுமு தமிழன்
2024 ஆகஸ்ட் 19, பகல் 2.20

நான் கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிற கிசுமுவில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏழைகளுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அதிகம் சோதித்துப் பார்த்த இடங்களில் நான் இருக்கிற பகுதியும் ஒன்று.

கிவ்டைரக்ட்லி என்று ஓர் அமைப்பு. பக்கத்து சியாயா மாவட்டத்தில், புல் வேய்ந்த கூரை வீடா என்று பார்ப்பார்கள். புல் கூரை என்றால் ஏழை, பணம் உண்டு. தகரக் கூரை என்றால் கிடையாது. வீட்டுக்கு ஏறக்குறைய 1,000 டாலர், எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாக. எதற்கு என்று கேட்பதில்லை. 653 கிராமங்களை எடுத்து, பாதியளவு கிராமங்களில் கொடுத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டார்கள். மொத்தம் 10,500 குடும்பங்களுக்கு மேல் பணம் போனது.

முதலில் என்ன வாங்கினார்கள் தெரியுமா? கூரை. இங்கே தகரத்தை மபாட்டி என்பார்கள். புல் கூரையை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதுவே ஓயாத செலவு. தகரம் போட்டால் அந்தச் செலவு நின்றது, மழைத்தண்ணீரும் பிடிக்கலாம். பிறகு மாடு, படுக்கை, சிறு வியாபாரம்.

வாத்தியார் சொன்ன 'கெட்டிக்காரர்' விஷயத்துக்கு வருகிறேன். பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரர்களின் வருமானமும் கூடியது. தகரம் விற்றவன், தச்சன், மாவு மில்காரன் என்று பணம் கை மாறியது. உள்ளே வந்த ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரத்தின் பொருளாதாரம் இரண்டரை டாலர் அளவுக்கு வளர்ந்தது என்று கணக்கிட்டார்கள். விலைவாசி எகிறும் என்று எல்லோரும் பயந்தார்கள். கூடியது சராசரியாக 0.1 சதவீதம்.

டாஸ்மாக் கேள்விக்கும் பதில் உண்டு. ரரியேடா என்ற இடத்தில் முன்பே நடந்த ஆய்வில் மது, புகையிலைச் செலவு கூடவில்லை. உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் பல நாடுகளின் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிலும் பொதுவாக அப்படித்தான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது சித்தியின் சீட்டுக் கதையில்தான். இங்கே இன்னொரு சோதனை நடக்கிறது. சில கிராமங்களுக்கு மாதா மாதம் கொஞ்சம், 12 வருடத்துக்கு. சில கிராமங்களுக்கு மாதா மாதம், ஆனால் இரண்டே வருடம். வேறு சில கிராமங்களுக்கு அந்த இரண்டு வருடப் பணமும் ஒரே தவணையில். நோபல் பரிசு வாங்கிய பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜி உள்ளிட்டவர்கள் ஆராய்ந்து போன வருடக் கடைசியில் வெளியிட்டார்கள். மொத்தமாகக் கொடுத்தால் தொழில் தொடங்குகிறார்கள், இரண்டு வருடத்துக்கு மட்டும் மாதா மாதம் கொடுத்தால் அவ்வளவாக இல்லை. 12 வருடம் வரும் என்று தெரிந்தவர்களோ, மாதப் பணத்தைத் தாங்களே மொத்தமாக்கிக்கொள்கிறார்கள். எப்படி? சீட்டுப் போட்டு! இங்கே அதற்குச் சாமா என்று பெயர். பத்துப் பெண்கள் கூடுவார்கள், மாதம் ஒருத்திக்கு மொத்தப் பணம்.

விளாத்திகுளத்துச் சித்தியும் சியாயாவில் ஒரு லுவோ இனப் பெண்ணும் ஒன்றையே செய்திருக்கிறார்கள்.

கணக்கு வாத்தியார்
2024 ஆகஸ்ட் 19, மாலை 5.05

ஆயிரம் டாலர் வேறு, ஆயிரம் ரூபாய் வேறு ஐயா. எண்பது மடங்குக்கும் மேல்.

ஆனால் சீட்டு விஷயம் சுவாரசியம். ஒத்துக்கொள்கிறேன். அதில் ஒன்று கவனித்தீர்களா? 12 வருடம் வரும் என்ற நம்பிக்கை இருந்தவர்கள்தான் மொத்தமாக்கினார்கள். இரண்டு வருடத்துக்காரர்கள் அவ்வளவு துணியவில்லை. அப்படியென்றால் நம் ஊரில் அடுத்த தேர்தலுக்குப் பிறகு இருக்குமா இருக்காதா என்று தெரியாத பணத்தை நம்பி சீட்டு எடுப்பது ஆபத்து இல்லையா? சித்தி சீட்டை எடுத்துவிட்டார். இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும்? இடையில் நின்றால்? தம்பி, அவரிடமே கேட்டுச் சொல்லுங்களேன்.

மருமகள் எண் 2
2024 ஆகஸ்ட் 19, இரவு 8.37

நானும் எழுதலாமா? தஞ்சாவூர் பக்கம் கிராமம். கணக்குத் தொடங்கி வாசகியாகவே இருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே ரேஷன் கார்டு. மாமியார், நான், என் ஓரகத்தி. ஒரு கார்டுக்கு ஒருவருக்குத்தான் உரிமைத் தொகை. முகாமில் ஃபாரம் கொடுத்தபோது வீட்டில் பெரிய பஞ்சாயத்து. பெரிய மருமகள் என்று அவளுக்குப் போனது. நானும் அதே வயலில்தான் நாற்று நடுகிறேன், அதே அடுப்பில்தான் ஊதுகிறேன்.

ஓரகத்தி கெட்டவள் இல்லை. தீபாவளிக்கு எனக்கு ஒரு புடவை எடுத்துத் தந்தாள். ஆனால் அவள் தருகிறாள், நான் வாங்குகிறேன், பாருங்கள். முன்பெல்லாம் இருவருமே மாமியாரிடம் கேட்போம். இப்போது நான் மட்டும் கேட்கிறேன்.

கார்டைப் பிரிக்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆயிரத்துக்காகக் குடும்பத்தைப் பிரிக்கிறாயா என்று மாமியார் அழுதுவிட்டார். சமையல் ஒன்றாகவே இருக்கட்டும், கார்டு மட்டும்தானே என்றேன். இன்னும் முடிவாகவில்லை.

குழு அக்கா
2024 ஆகஸ்ட் 19, இரவு 9.10

பிரித்துவிடு தங்கச்சி. கார்டு பிரிந்தால் சோறு பிரியாது. ஆனால் பிரித்தாலும் பணம் உடனே வராது, புதிதாக விண்ணப்பம் வாங்கும்போதுதான். அதற்காக இப்போதே தயாராக வைத்துக்கொள். கணக்கில் ஆதார் இணைப்பு இருக்கிறதா என்று பார். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் வருடம் 3,600 யூனிட்டுக்குள்.

மட்டுநகர் வாசி
2024 ஆகஸ்ட் 20, காலை 7.50

எங்கட பக்கமும் இதே கதைதான். இலங்கையில் போன வருடம் சமுர்த்தி என்ற பழைய நிவாரணத் திட்டத்துக்குப் பதிலாக அஸ்வெசும என்ற உதவித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். குடும்பத்தின் நிலைமையைப் புள்ளி போட்டுப் பார்த்து, மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 என்று நாலு படி. நெருக்கடிக்குப் பிறகு விலைவாசி போன போக்கில் அது பெரிய உதவிதான்.

ஆனால் புள்ளி போடுகிறதுதான் பிரச்சினை. எங்கட ஊரில் ஒரு பெண் தலைமைக் குடும்பம், யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. கல்வீடு என்றபடியால் புள்ளி மாறி, கீழ்ப் படிக்குப் போய்விட்டது. வீட்டைச் சாப்பிட ஏலுமே? மேன்முறையீடு போட்டிருக்கிறா. பிரதேச செயலகத்துக்கு நடந்ததில் செருப்புத்தான் தேய்ந்தது.

கென்யாவில் புல்லுக்கூரை பார்த்துக் கொடுத்தார்கள் என்று வாசித்தேன். அங்கேயும் தகரக் கூரைக்குள்ளே பசித்த சனம் இருந்திருக்கும்தானே.

கிசுமு தமிழன்
2024 ஆகஸ்ட் 20, காலை 10.25

இருந்தார்கள். காசு வரும் என்று கேள்விப்பட்டதும் சிலர் வீட்டுக்குப் பின்னால் அவசரமாகப் புல் குடிசை போட்டு அதில் படுத்துக்கொண்டார்கள் என்று என்னோடு வேலை செய்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தப் 12 வருடச் சோதனையில் கூரை பார்க்கவில்லை, கிராமத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும்தான். சண்டை குறைவு.

புதுவைக்காரன்
2024 ஆகஸ்ட் 20, பகல் 1.00

எல்லோரும் பணம் பணம் என்கிறீர்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு அரிசியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று புதுச்சேரிக்காரனைக் கேளுங்கள்.

2015 செப்டம்பரிலிருந்து எங்களுக்கு மத்திய அரசின் ரேஷன் அரிசி கிடையாது, அதற்குப் பதில் வங்கியில் பணம். மாநில அரசு அரிசி கொடுக்கலாமா, பணம்தான் கொடுக்கணுமா என்று முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் வருடக்கணக்கில் இழுபறி, நீதிமன்றம் வரை போய்ப் பணம்தான் என்றாகிவிட்டது. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடக்கின்றன. பாகூர் பக்கம் என் பெரியம்மா வீட்டில், பக்கத்துத் தமிழ்நாட்டுக் கிராமத்தில் இருக்கும் சம்பந்தி கொண்டுவந்து தரும் ரேஷன் அரிசியில்தான் இட்லிக்கு ஊறப்போடுகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் அரிசியும் உண்டு, ஆயிரமும் உண்டு.

கடையில் அரிசி கிலோ ஐந்து ரூபாய் ஏறினால் ரேஷனில் வாங்குகிறவருக்குத் தெரியாது. பணமாக வாங்குகிறவருக்கு அன்றே தெரியும். சித்தி அந்த ஆயிரத்தைச் சீட்டில் போட முடிந்ததற்குக் காரணம் அரிசி இலவசமாக வந்ததுதான். இதை யாரும் இதுவரை சொல்லவில்லை.

கரிசல்காட்டான்
2024 ஆகஸ்ட் 20, பகல் 1.32

உண்மை. முதல் பதிவில் ஒரு வரியில் போட்டுவிட்டுத் தாண்டிவிட்டேன். இந்த மே, ஜூனில் ரேஷனில் துவரம் பருப்பும் பாமாயிலும் சரியாக வராமல் இழுத்தபோது சித்தி வீட்டில் கடைப் பற்று கூடியிருக்கிறது. 30 ரூபாய்ப் பருப்புக்கும் வெளிக்கடைப் பருப்புக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்ததுதானே.

கணக்கு வாத்தியார்
2024 ஆகஸ்ட் 20, மாலை 4.40

புதுவைக்காரர் சொன்னது என் வாதத்துக்குத்தான் பக்கபலம் என்று நினைக்கிறேன். முதலில் கடை, பள்ளி, ஆஸ்பத்திரி. அதன் மேல் பணம்.

மத்தியப் பிரதேசத்தில் 2011 வாக்கில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு இந்தூர் பக்கம் எட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் மாதம் பெரியவருக்கு 200, பிள்ளைக்கு 100 என்று கொடுத்துப் பார்த்தது எனக்கு நினைவு வருகிறது. அங்கே ரேஷனை நிறுத்தவில்லை, அதன் மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள். கடன் குறைந்தது, பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது கூடியது, கூலி வேலையை விட்டுச் சொந்த நிலத்தைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். நான் முழு எதிரி இல்லை, புரிந்துகொள்ளுங்கள். இதைக் கொடுத்தோம், கடமை முடிந்தது என்று அரசாங்கம் கையைத் தட்டிவிட்டுப் போவதைத்தான் எதிர்க்கிறேன்.

குழு அக்கா
2024 ஆகஸ்ட் 20, இரவு 8.15

அதில் எனக்குச் சண்டையே இல்லை சார்.

பணம் கணக்கில் ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். கைக்கு வருவதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஏடிஎம் எட்டு கிலோமீட்டர். பஸ் இலவசம், ஆனால் அரை நாள் போகும். அதனால் ஊருக்கு வருகிற வங்கி முகவரிடம் கைரேகை வைத்து எடுப்பார்கள். மிளகாய் கிள்ளுகிறவர்கள், செங்கல் சூளைக்காரிகள், இவர்களுக்கு விரலில் ரேகையே இல்லை. போன மாதம் ஒரு பாட்டி பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். சேலையில் துடைத்தார், சோப்புப் போட்டுக் கழுவினார், தேங்காய் எண்ணெய் தடவினார். கடைசியில் இடது கை மோதிர விரல் விழுந்தது. கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். முகவர் இருபது ரூபாய் எடுத்துக்கொண்டார். எடுக்கக் கூடாதுதான், யார் கேட்பது?

முதல் மாதம் ஒரு வங்கிக் கிளையில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பணத்தைப் பிடித்துவிட்டார்கள். பிடிக்கக் கூடாது என்று அரசாங்கமே சொன்ன பிறகும் என் குழுப் பெண் நாலு பேருக்குத் திரும்பி வர இரண்டு மாதம் ஆனது. முதலமைச்சர் உதவி எண் 1100-க்குப் போன் போட்டுப் போட்டு வாங்கினோம்.

இன்னொன்று. தேதி ஜாமீன் ஆகிவிட்டது என்று தம்பி எழுதினார் இல்லையா. அந்தத் தேதி கடன்காரனுக்கும் தெரியும். ஒரு நுண்கடன் கம்பெனி எங்கள் பகுதியில் மாதத் தவணையைப் பதினாறாம் தேதிக்கு மாற்றிவிட்டது. காலை ஏழு மணிக்கே பைக்கில் பையன் வந்து தெருமுனையில் உட்கார்ந்துவிடுவான். இதற்கு முன்னால் நாற்பதாயிரம் கடன் கொடுத்த இடத்தில் இப்போது ஐம்பதாயிரம் வாங்கிக்கோ என்கிறான். சீட்டு அக்கா வந்து கேட்டதும் இந்தப் பையன் வந்து கேட்பதும் ஒரே காரணத்துக்குத்தான்.

நாலாவது பெஞ்ச்
2024 ஆகஸ்ட் 20, இரவு 8.50

கிண்டல் எதுவும் தோன்றவில்லை. என் அம்மாவும் பதினாறாம் தேதி காலையில் பின்வாசல் வழியாகத்தான் தண்ணீருக்குப் போகிறாள். கேட்டால் அந்தப் பக்கம் நடை குறைவு என்கிறாள்.

மருமகள் எண் 2
2024 ஆகஸ்ட் 21, காலை 6.05

அம்மாவை அதிகத் தொகை எடுக்க விடாதீர்கள் அண்ணா. பழையதை முடித்துவிட்டுப் பிறகு பார்க்கச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்
2024 ஆகஸ்ட் 21, இரவு 9.20

வாத்தியார் கேட்ட கேள்வியைச் சித்தியிடம் இன்று போனில் கேட்டேன். இருபது மாதச் சீட்டு, பத்து மாதம் கட்டியாயிற்று, இன்னும் பத்து இருக்கிறது. இடையில் பணம் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நிக்கும்னு யாரும் சொன்னாங்களா?" என்றார். இல்லை, சும்மா கேட்கிறேன் என்றேன். "சும்மா கேக்குற கேள்வியா இது" என்று திட்டிவிட்டுச் சொன்னார். கிடாக்குட்டி பங்குனிப் பொங்கலுக்கு நல்ல விலை போகும். அதுவரைக்கும் சித்தப்பாவோடு தானும் கருவை வெட்டப் போவாராம். கடைக்குப் பாக்கி வைத்தாலும் வைப்பாராம், சீட்டுக்குப் பாக்கி வைக்க மாட்டாராம். ஒரு மாதம் தவறினால் இனிமேல் அந்த அக்கா வாசல் மிதிக்க மாட்டாள் என்கிறார்.

வாத்தியாருக்கு இது போதுமா தெரியவில்லை. ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. அவருக்கே தெரிந்திருக்கிறது.

கணக்கு வாத்தியார்
2024 ஆகஸ்ட் 21, இரவு 9.58

போதும் தம்பி. ஒரு விஷயம். குட்டி கழிச்சலில் செத்தது என்றீர்களே. கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும், ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசியும் போடுவார்கள், காசு கிடையாது. இருக்கிற இரண்டு குட்டிக்கும் எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை வருகிறார். உங்கள் ஊரில் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள்.

கரிசல்காட்டான்
2024 ஆகஸ்ட் 21, இரவு 10.04

டாக்டர் இடம் ஆறு மாதமாகக் காலியாம் சார். பக்கத்து ஊருக்குத்தான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சொல்லிவிட்டேன், சனிக்கிழமை போவதாகச் சொன்னார்.